அரிவாளோடு ஓடும் பையனுக்காக ஒரு வேண்டுதல்

கேள்வி: முப்பது வருஷமாக க்ரைம் நாவல் மட்டுமே படித்தவள் நான். வங்கி வேலையிலிருந்து ஓய்வு பெற்றபின் நூலக வாசகர் வட்டத்தில் சேர்ந்தேன். பூமணியின் ‘வெக்கை’யைக் கொடுத்து, வரும் ஞாயிறு ஐந்து நிமிடம் பேசச் சொல்லியிருக்கிறார்கள். எடுத்த எடுப்பிலேயே கொலை, கொன்றவன் யாரென்றும் தெரிந்துவிடுகிறது. அப்புறம் அப்பாவும் பிள்ளையும் காடு மேடெல்லாம் அலைகிறார்கள், பொங்கித் தின்கிறார்கள். பொறுக்காமல் கடைசிப் பக்கத்தைப் புரட்டினேன், அங்கேயும் ஒன்றுமில்லை. ஆனால் அந்தப் பையன் பிடிபடக் கூடாதே என்று மனசு அடித்துக்கொண்டது. எனக்குப் பிடித்ததா இல்லையா என்றே தெரியவில்லை. மற்றவர்கள் எல்லாம் ‘அருமை’ என்கிறார்கள். நான் என்ன பேச?
- ஒரு வாசகி, கரூர்

பதில்: மனசு அடித்துக்கொண்டது என்ற வரியை இரண்டு தடவை படித்தேன் அம்மா. முப்பது வருஷம் போலீஸ் பக்கம் நின்று படித்த நீங்கள், ஆளை வெட்டிவிட்டு ஓடுகிற பதினைந்து வயசுப் பையனுக்காக வேண்டிக்கொண்டிருக்கிறீர்கள்!

அலுப்புத் தட்டியதில் ஆச்சரியமில்லை. ‘யார் செய்தது’ என்பதைக் கடைசிவரை ஒளித்துவைக்கும் கதைகளிலேயே ஊறியவர் நீங்கள். பூமணி 1982-இல் அதைத் தொடக்கத்திலேயே கையில் கொடுத்துவிட்டார். காரணமும் சீக்கிரம் தெரிந்துவிடுகிறது: நிலத் தகராறு, அண்ணனைக் கொன்றவனைத் தம்பி பழிவாங்குகிறான். மிச்சமிருப்பதெல்லாம் ராத்திரி எங்கே படுப்பது, எதைப் பொங்குவது, வீட்டில் அம்மா என்ன ஆனாளோ என்கிற கவலைகள்தான். நீங்கள் சலித்துக்கொண்ட அந்தப் பக்கங்களில்தான் அந்தப் பையன் சிதம்பரம் உங்கள் வீட்டுப் பிள்ளை ஆகியிருக்கிறான். உங்கள் மாத நாவல்களில் கொலைகாரன் ராத்திரி என்ன சாப்பிட்டான் என்று எப்போதாவது படித்திருக்கிறீர்களா?

முடிவு பற்றி நீங்கள் சொல்வதும் சரிதான். கோர்ட்டில் சரணடையப் போகிறார்கள், தீர்ப்புக்கு முன்பே புத்தகம் முடிந்துவிடுகிறது. முதல் தடவை படித்தபோது எனக்கும் சப்பென்றுதான் இருந்தது.

யாராவது ‘அசுரன்’ படத்தை இழுப்பார்கள், பாருங்கள். 2019-இல் வந்த அந்தப் படம் இந்த நாவலிலிருந்து எடுத்ததுதான். ஆனால் படம் அப்பாவைச் சுற்றிப் போகிறது. நாவலில் நாம் பையனோடு நடக்கிறோம். இதைச் சொன்னாலே பேச்சு சூடு பிடித்துவிடும்.

‘அருமை’க்காரர்களைக் கண்டு மிரள வேண்டாம். ஊரே கொண்டாடும் ‘பொன்னியின் செல்வ’னின் ஐந்து பாகத்தில் நான் இரண்டைத் தாண்டியதில்லை. இதற்குத் திட்டிக் கடிதம் வரும். வரட்டும்.

ஞாயிற்றுக்கிழமை கதைச் சுருக்கம் சொல்லி நேரத்தைத் தள்ளாதீர்கள். அதைத்தான் எல்லோரும் படித்திருப்பார்களே. எந்த இடத்தில் கொட்டாவி வந்தது, எந்த இடத்தில் பையனை நினைத்துப் பதறினீர்கள் என்று பக்கத்தைக் காட்டியே சொல்லுங்கள். கரிசல் பேச்சில் புரியாத வார்த்தை இருந்தால் அங்கேயே கேட்டுவிடுங்கள். கடைசிப் பக்கத்தை முன்கூட்டியே புரட்டியதையும் மறைக்க வேண்டாம். வட்டத்தில் பாதிப் பேராவது அதைச் செய்திருப்பார்கள்.