‘தண்ணி வேணுமா?’ என்று கேட்கும் பிள்ளை

கேள்வி: என் மகனுக்கு மூன்றே முக்கால் வயது. ஒரு வயதில் ‘அம்மா’, ‘காக்கா’ என்றெல்லாம் சொன்னவன், ஒன்றரை வயதுக்குப் பிறகு பேச்சையே நிறுத்திவிட்டான். இரண்டரை வயதில் ஆட்டிசம் என்றார்கள். ஸ்பீச் தெரபிக்குப் போகிறோம். இப்போது நாங்கள் சொல்வதையே திருப்பிச் சொல்கிறான், அவ்வளவுதான். “ஸ்கூலுக்குப் போனா சரியாயிடும், அவன் சித்தப்பாவும் லேட்டாத்தான் பேசினான்” என்கிறார் மாமியார். வயது ஏற ஏற மோசமாகும் என்கிறார் பக்கத்து வீட்டுக்காரர். அப்போது போட்ட தடுப்பூசிதான் காரணமோ என்றும் மனது அடித்துக்கொள்கிறது.
– ஒரு வாசகி, தருமபுரி

பதில்: தடுப்பூசியை முதலில் முடித்துவிடுவோம். அது காரணமில்லை. அப்படிச் சொல்லி 1998-இல் வந்த கட்டுரையை, வெளியிட்ட மருத்துவ இதழே 2010-இல் திரும்பப் பெற்றுக்கொண்டது. டென்மார்க்கில் ஆறரை லட்சத்துக்கும் மேற்பட்ட குழந்தைகளின் பதிவுகளைப் பார்த்தும் தொடர்பு தென்படவில்லை. சில ஆட்டிசக் குழந்தைகளுக்குச் சொன்ன வார்த்தைகள் போய்விடுவது ஒன்றரை வயதையொட்டித்தான். ஊசி போடுவதும் அதே வயதில். நீங்கள் செய்த தப்பு எதுவும் இல்லை அம்மா.

மாமியார், பக்கத்து வீட்டுக்காரர் இருவர் சொல்வதும் சரியில்லை. ஆட்டிசம் பள்ளிக்கூட வாசலில் செருப்பைப் போலக் கழன்றுவிடாது. ஆனால் இப்போது இருக்கிற மாதிரியேதான் பத்து வயதிலும் இருப்பான் என்றும் இல்லை.

‘அவ்வளவுதான்’ என்று எழுதிவிட்டீர்களே, அங்கேதான் எனக்குச் சந்தோஷம். தாகமெடுத்தால் அவன் என்ன சொல்கிறான்? ‘தண்ணி வேணுமா?’ என்றுதானே? நீங்கள் அப்படிக் கேட்ட பிறகுதான் டம்ளர் வருகிறது. ஆக, அந்த முழுக் கேள்வியும் அவனுக்குத் தண்ணீரின் பெயர். 1943-இல் லியோ கேனர் என்ற மருத்துவர் ஆட்டிசம் உள்ள 11 குழந்தைகளைப் பற்றி எழுதியபோது, அதில் முதல் பையன் டொனால்டும் இப்படித்தான். குளிக்க வேண்டுமென்றால் ‘குளிக்கிறாயா?’ என்று கேட்பான். அந்த டொனால்ட் டிரிப்ளெட் பிற்பாடு கல்லூரியில் படித்தார், வங்கியில் வேலை பார்த்தார், 27 வயதில் கார் ஓட்டக் கற்றார். 2023-இல், 89 வயதில் காலமானார். கடைசி வரை ஆட்டிசத்தோடுதான் வாழ்ந்தார். வீட்டில் வசதி இருந்தது, ஊரும் அவரை அரவணைத்தது என்பதையும் சொல்லத்தான் வேண்டும். அந்த 11 பேரில் விடுதி மருத்துவமனைகளில் விடப்பட்ட சிலர் முன்னேறவே இல்லை.

அவன் அப்படிக் கேட்கும்போது திருத்தாதீர்கள். டம்ளரை நீட்டிக்கொண்டே, அவன் குரலில் நீங்கள் ‘தண்ணி வேணும்’ என்று சொல்லிவிட்டுக் கொடுங்கள். இதே மாதிரி நூறு முறை. நான்கு வயதிலும் சொற்களைச் சேர்த்துப் பேசாத 535 குழந்தைகளைப் பற்றி அமெரிக்காவில் 2013-இல் ஓர் ஆய்வு வந்தது. பிற்பாடு 70 சதவீதம் பேர் அப்படிப் பேசினார்கள். கிட்டத்தட்டப் பாதிப் பேர் சரளமாகவே பேசினார்கள். உங்கள் பையன் எந்தப் பக்கம் என்று இன்றைக்கு யாராலும் சொல்ல முடியாது. சொல்கிறேன் என்று பணம் கேட்பவரிடம் போகாதீர்கள்.

பேச்சு வந்த பிறகு சிரமம் வேறு உருவம் எடுக்கும். ஏழெட்டு வயதில் கூட்டாளிகள், விளையாட்டு விதிகள், கிண்டல் என்று வரும். பள்ளியில் நாள் முழுக்கச் சமாளித்துவிட்டு வீட்டுக்கு வந்து யூனிபார்மைக் கழற்றும்போது கத்தித் தீர்க்கிற பிள்ளைகள் உண்டு. அது அடமில்லை, களைப்பு. பருவ வயதில் சிலருக்கு வலிப்பு வரலாம். சில நொடி வெறித்து நின்றாலும் டாக்டரிடம் சொல்லுங்கள்.

சரி, அடுத்த ஜூனில் பள்ளியில் சேர்த்துவிடுங்கள், தெரபியையும் நிறுத்தாமல். டீச்சரிடம் ஒன்று மட்டும் முன்கூட்டியே சொல்லி வையுங்கள்: ‘பாத்ரூம் போகணுமா?’ என்று அவன் கேட்டால், அவசரம் அவனுக்குத்தான்.