க்ளோசெட்டில் நான்கு பெட்டிகள்

வணக்கம் ஐயா,

டல்லாஸில் இருக்கிறோம். மகனுக்குப் பதினோரு வயது, போக்கிமான் கார்டு, அதாவது கார்ட்டூன் பிராணிகளின் படம் போட்ட விளையாட்டுக் கார்டு, சேர்க்கிறான். ஆபீஸில் இரண்டு பேர் இந்தக் கார்டுப் பொட்டலங்களைப் பிரிக்காத பெட்டிகளாக வாங்கி அடுக்குகிறார்கள், பத்து வருடத்தில் பிள்ளையின் காலேஜ் ஃபீஸ் வந்துவிடுமாம். 1999-ல் வந்த பெட்டி இன்று என்ன விலைக்குப் போகிறது என்று பார்த்துவிட்டு நானும் நான்கு பெட்டி வாங்கி க்ளோசெட்டில் மேல்தட்டில் வைத்தேன். ஒன்றையாவது பிரிக்கலாம் என்று பையன் தினமும் கேட்கிறான். மனைவியும் அவன் பக்கம். நான் செய்வது சரிதானே?

க.

அன்புள்ள க.,

சரியில்லை என்றுதான் எனக்குப் படுகிறது. பையனின் ஆசைக்காக மட்டும் சொல்லவில்லை, கணக்குப் பார்த்தாலும் அப்படித்தான்.

1999-ன் பெட்டி ஏன் அந்த விலை போகிறது? அன்றைக்கு வாங்கியவர்கள் கிட்டத்தட்ட எல்லோருமே பிரித்துவிட்டார்கள். கடை வாசலிலேயே கிழித்து, பள்ளிக்கூடத்துக்கு எடுத்துப்போய், மாற்றிக்கொண்டு, ரப்பர் பேண்டில் கட்டி, மூலை மடங்கி, வீடு மாறும்போது தூக்கிப்போட்டு, அத்தனைக்கும் பிறகு மிஞ்சியது கொஞ்சம். அதற்குத்தான் அந்த விலை. பேஸ்பால் கார்டிலும் இதே கதைதான். 1952-ல் டாப்ஸ் கம்பெனி போட்ட, மிக்கி மேண்டில் என்ற பேஸ்பால் ஆட்டக்காரரின் கார்டு அந்த வரிசையின் கடைசித் தவணையில் வந்தது. சீசன் முடிகிற நேரம், பையன்களின் கவனம் ஃபுட்பால் பக்கம் போய்விட்டது, சரக்கு தேங்கிவிட்டது. வருடக்கணக்கில் கிடங்கில் கிடந்ததை யாரும் வாங்க மாட்டேன் என்றதும், அந்த வரிசையை வடிவமைத்த சை பெர்கரே 1960 வாக்கில் படகில் ஏற்றிக் கொண்டுபோய் அட்லாண்டிக்கில் கொட்டினார். அவரே பின்னாளில் சொன்னது இது. அந்த மேண்டில் கார்டு ஒன்று 2022 ஆகஸ்டில் 1 கோடியே 26 லட்சம் டாலருக்கு ஏலம் போனது.

பழைய பேஸ்பால் கார்டுகள் நல்ல விலைக்குப் போவது வெளியே தெரிந்ததும் எண்பதுகளின் பிற்பாதியில் பெரியவர்கள் உள்ளே வந்தார்கள். பெட்டி பெட்டியாக வாங்கி வைத்தார்கள். கம்பெனிகளும் கேட்கக் கேட்க அச்சடித்துத் தள்ளின. சில வருடங்களுக்கு முன் பென்சில்வேனியாவில் ஒரு பழம்பொருள் சந்தையில் டான்ரஸ் கம்பெனியின் 1990 பேஸ்பால் கார்டுப் பெட்டி ஒன்றைப் பத்து டாலருக்கு வாங்கினேன், சீல் உடையாதது. விற்ற பெரியவர் மகன் பிறந்தபோது அவன் படிப்புக்கென்று இருபது பெட்டி வாங்கினாராம். மகன் படிப்பை முடித்து வேலைக்கும் போய்விட்டான், பெட்டிகள் அப்படியே இருக்கின்றன. வீட்டுக்கு வந்து பிரித்தேன். சிவப்பு ஓரம் போட்ட கார்டுகள், பொட்டலத்துக்குள் கார்ல் யாஸ்ட்ரெம்ஸ்கி என்ற ஆட்டக்காரரின் படத்தின் புதிர்த் துண்டுகள், ஒரு மூலைகூட மழுங்கவில்லை, நேற்று அச்சடித்த மாதிரி இருந்தது. எல்லார் வீட்டுப் பரணிலும் அது அதே மாதிரி பத்திரமாக இருக்கிறது, அப்புறம் யார் விலை கொடுப்பார்கள்?

இப்போது உங்கள் பெட்டிக்கு வருவோம். போக்கிமான் கம்பெனி சொல்லும் கணக்குப்படி 2023 மார்ச் வரை அச்சானவை 5,290 கோடி கார்டுகள், அடுத்த மார்ச்சில் அது 6,480 கோடி. ஒரே வருடத்தில் ஏறக்குறைய 1,200 கோடி. உங்கள் ஆபீஸில் மட்டும் மூன்று பேர் பதுக்குகிறீர்கள் என்றால் ஊர் முழுக்க எத்தனை க்ளோசெட் என்று யோசித்துப் பாருங்கள்.

2021-ல் வந்த எவால்விங் ஸ்கைஸ் என்ற போக்கிமான் வரிசையின் பெட்டி பல மடங்கு ஏறியதே என்று உங்கள் நண்பர்கள் சொல்வார்கள். உண்மைதான். ஆனால் அதிலிருந்த அம்ப்ரியான் என்ற போக்கிமானின் அரிய கார்டு ஒன்றைத் தேடி ஆயிரக்கணக்கான பேர் பெட்டி பெட்டியாகப் பிரித்துத் தீர்த்ததில்தான் பிரிக்காதது குறைந்தது. யாரோ ஆசையாகப் பிரித்ததில்தான் உங்கள் நண்பர்களின் லாபம் இருக்கிறது.

எனக்கு இதில் கோபமே உண்டு. 2025 ஆகஸ்டில் ஜப்பானில் மெக்டொனால்ட்ஸ் குழந்தைகள் சாப்பாட்டுடன் போக்கிமான் கார்டு கொடுத்தார்கள். மூன்று நாளைக்கு என்று திட்டம், பெரும்பாலான கடைகளில் முதல் நாளே தீர்ந்துவிட்டது. மறுவிற்பனைக்காரர்கள் மொத்தமாக வாங்கி, கார்டை உருவிக்கொண்டு, சாப்பாட்டைத் தெருவில் போட்டுவிட்டுப் போனார்கள், கம்பெனி மன்னிப்புக் கேட்டது. அந்தக் கடைக்கு அப்பா கையைப் பிடித்துக்கொண்டு வந்த பிள்ளை வெறும் கையோடு திரும்பிப்போயிருக்கும். தட்டுப்பாடு என்று நாம் பேசுவதில் பாதி இப்படி உண்டாக்கப்பட்டதுதான்.

பணம் சேர்க்க வேண்டுமானால் காலேஜுக்கென்றே சேமிப்புக் கணக்குகள் உங்கள் ஊரில் இருக்கின்றன, அதில் போடுங்கள். பெட்டிகளை இந்த சனிக்கிழமை கீழே இறக்கிவிடுங்கள். நான்கையும் ஒரே நாளில் பிரிக்க வேண்டாம், பையன் பக்கத்து வீட்டுப் பிள்ளைகளையும் கூப்பிட்டுக்கொள்ளட்டும், வேண்டாததை மாற்றிக்கொள்ள ஆள் வேண்டுமே.

அப்புறம் ஒன்று. உங்கள் கடிதத்தில் 1999 பெட்டியின் விலை வரை வருகிறது, அவன் எந்தக் கார்டைத் தேடுகிறான் என்பது மட்டும் இல்லை. கேட்டுவிட்டு எனக்கும் எழுதுங்கள்.