தாத்தா காலத்து டிராக்டர் என்ன விலை போகும்? – கேள்வி பதில்

கும்பகோணம்: அண்ணே, தாத்தா வாங்கிய சாம்பல் நிற ஃபெர்குசன் கொட்டகையில் நிற்கிறது. அபூர்வமான வண்டி, லட்சக்கணக்கில் போகும் என்கிறார்கள். உண்மையா?

தம்பி, அது டி.ஈ.20 மாடலாக இருக்கும். 1946 முதல் 1956 வரை இங்கிலாந்தின் கோவென்ட்ரியில் ஐந்து லட்சத்துக்கும் மேல் செய்து உலகம் முழுக்க அனுப்பினார்கள். எட்மண்ட் ஹிலாரி 1958 ஜனவரியில் தென்துருவத்துக்கு ஓட்டிப் போனதும் இதே ரகம்தான். பேர்பெற்ற வண்டி, ஆனால் அபூர்வம் இல்லை.

அபூர்வம் அந்த ரகத்துக்கு உள்ளேதான் இருக்கிறது. டேஷ்போர்டில் உள்ள சின்னத் தகட்டைத் துணியால் துடைத்துப் படியுங்கள். வெறும் டி.ஈ. என்றிருந்தால் ஆரம்பகால வண்டி, அமெரிக்க கான்டினென்டல் இன்ஜின். டி.ஈ.ஏ. என்றால் ஸ்டாண்டர்டு கம்பெனியின் பெட்ரோல் இன்ஜின், டி.ஈ.டி. மண்ணெண்ணெய் வகை, டி.ஈ.எஃப். டீசல். 1946இல் வெளிவந்தவை சில நூறுதான். தகட்டில் உள்ள எண் அந்த வருஷத்தில் விழுந்தால் அவசரப்பட்டு விற்காதீர்கள்.

அடுத்து கியர் லீவர். அதை 'எஸ்' பக்கம் தள்ளினால்தான் இந்த வண்டி ஸ்டார்ட் ஆகும். தனியாக ஸ்டார்ட்டர் பட்டன் வைத்திருந்தால் யாரோ கைவைத்திருக்கிறார்கள். ஹைட்ராலிக் தூக்குகிறதா, பானெட், மட்கார்டு எல்லாம் அதனுடையதுதானா என்றும் பாருங்கள். வண்டியின் எடை ஒரு டன்னுக்குச் சற்று மேல். காயலான் கடைக்காரர் அந்த எடைக்குக் கொடுப்பதுதான் அடிமட்ட விலை. அதற்கு மேல் கிடைப்பதெல்லாம் அசல் பாகங்களுக்கும் ஆர்.சி. புத்தகத்துக்கும்தான்.

தகட்டைக் கழற்றாதீர்கள். பெயிண்ட் அடிக்காதீர்கள்.

பொள்ளாச்சி: எங்களுடையதும் டி.ஈ.20தான், ஆனால் சிவப்பு. பானெட்டில் மாஸ்ஸி ஃபெர்குசன் என்று இருக்கிறது. இது அபூர்வ நிறமா?

இல்லை. மாஸ்ஸி ஹாரிஸும் ஃபெர்குசனும் 1953இல் இணைந்தன. மாஸ்ஸி ஃபெர்குசன் என்ற பேரும் சிவப்பு நிறமும் 1957 கடைசியில் 35 மாடலோடுதான் வந்தன. அதற்குள் டி.ஈ.20 தயாரிப்பே நின்றுவிட்டது. உங்கள் சிவப்பு பின்னால் யாரோ அடித்தது. பானெட்டின் உள்பக்கம் லேசாகச் சுரண்டினால் சாம்பல் நிறம் தெரியும்.

கோபிசெட்டிபாளையம்: குறுக்கே பேசுவதற்கு மன்னிக்கவும். பெயிண்ட் அடிக்காதே என்கிறீர்கள். பளபளவென்று இருந்தால்தான் வாங்குகிறவன் திரும்பியே பார்க்கிறான். நான் அடித்துத்தான் விற்றேன், நல்ல விலைக்குப் போனது.

உழவுக்கு வாங்குகிறவரிடம் விற்றிருப்பீர்கள். அவர் ஆயில் பிரஷரையும் டயரையும் பார்ப்பார், பெயிண்ட் அவருக்குக் கண்ணுக்கு அழகு, அவ்வளவுதான். சேகரிப்பவர் வேறு ஆள். புதுப் பெயிண்டைப் பார்த்ததும் அடியில் என்ன மறைந்திருக்கிறது என்றுதான் யோசிப்பார். பிளாக்கில் விரிசலா, ஆக்சில் ஹவுசிங்கில் வெல்டிங்கா, மட்கார்டில் பட்டியா? சந்தேகம் வந்த இடத்தில் விலையைக் குறைப்பார். மங்கிய பெயிண்டை என்றைக்கு வேண்டுமானாலும் புதுப்பிக்கலாம். சுரண்டி எடுத்த அசலைத் திரும்பக் கொண்டுவர முடியாது.

கோபிசெட்டிபாளையம்: அப்படியே விட்டால் துரு தின்றுவிடாதா?

தின்னும், அதனால் சும்மா விடச் சொல்லவில்லை. சோப்புத் தண்ணீரில் கழுவி, நன்றாகக் காயவைத்து, எண்ணெய்த் துணியால் மெல்லிசாகத் துடைத்து, கூரைக்கு அடியில் மரக்கட்டை மேல் நிறுத்துங்கள். துருவுக்கு மருந்து அதுதான், எனாமல் டப்பா இல்லை.

பொள்ளாச்சி: அப்படியானால் எங்கள் சிவப்பை உரித்துவிடலாமா?

வேண்டாம், வேண்டாம்! அடியில் இருக்கும் சாம்பலும் கூடவே போய்விடும். இருக்கிறபடி விட்டுவிட்டு, வாங்குகிறவரிடம் உள்ளதைச் சொல்லுங்கள்.

சென்னை: டி.ஈ.20இல் வேன்கார்டு கார் இன்ஜின் இருப்பதாக மெக்கானிக் சொல்கிறார். நடக்கக்கூடியதா?

நல்ல கேள்வி. நடக்கும். 1950களில் ஸ்டாண்டர்டு மோட்டார் ப்ராடக்ட்ஸ் வேன்கார்டு காரைச் சென்னையிலேயே பூட்டி விற்றது. காரின் 2,088 சிசி இன்ஜினும் பிந்தைய டி.ஈ.20 பெட்ரோல் இன்ஜினும் ஒரே குடும்பம். லைனர், பிஸ்டனுக்கு அலைந்தவர்கள் கார் சாமானைப் போட்டிருப்பார்கள். வண்டிக்கு அடியில் குனிந்து, இன்ஜின் ஆயில் தங்கும் தொட்டியான சம்ப்பைப் பாருங்கள். காரில் அது தகரம். டிராக்டரில் கனத்த வார்ப்பிரும்பு, ஏனென்றால் தனியாக சேஸிஸ் இல்லாத இந்த வண்டியில் பாரத்தைத் தாங்குவதே இன்ஜின்தான். உள்ளே கார் பாகம் இருந்தால் விலை பெரிதாக அடிபடாது. இன்ஜின் வேகத்தைக் கட்டுப்படுத்தும் கவர்னரையும் கழற்றியிருந்தால் அடிபடும்.

அரியலூர்: எச்.எம்.டி. 2511. கம்பெனியே மூடிவிட்டார்களே, இனி விலை ஏறுமா?

ஹரியானாவின் பிஞ்சோரில் இருந்த எச்.எம்.டி. டிராக்டர் பிரிவை மூட 2016இல் முடிவானது உண்மை. ஆனால் வண்டிகள் இன்னும் ஊர் ஊராக ஓடுகின்றன. விலை ஏறாது.

கிளிநொச்சி: எங்களிட்ட மாஸ்ஸி 135 உழவு இயந்திரம் இருக்கு. பழசு எண்டு வைச்சிருக்கலாமோ?

நன்றாக உழுகிறது என்றால் உழுங்கள். உழைக்கிற வண்டி என்பதுதான் அதன் மதிப்பு.

திண்டுக்கல்: பழைய ஐஷர், சிலிண்டரைச் சுற்றி மடிப்பு மடிப்பாக இருக்கிறது, ரேடியேட்டர் இல்லை. காயலான் கடையில் கேட்கிறார்கள்.

கொடுத்துவிடாதீர்கள்! அது காற்றால் குளிரும் இன்ஜின். ஜெர்மன் ஐஷரோடு கூட்டுச் சேர்ந்து 1959இல் ஃபரிதாபாதில் செய்யத் தொடங்கியதுதான் இந்தியாவில் தயாரான முதல் டிராக்டர். ஆரம்பகால எண் என்றால் இன்று வந்த கேள்விகளிலேயே எனக்கு அதிக அக்கறை உங்கள் வண்டி மேல்தான். தகட்டைப் படம் எடுத்து அனுப்புங்கள்.

மதுரை: ஐம்பது வருஷம் தாண்டினால் 'வி.ஏ.' என்று வின்டேஜ் நம்பர் கிடைக்கும், விலை கூடும் என்கிறார் புரோக்கர்.

2021இல் வந்த அந்த விதி இருசக்கர வண்டிக்கும் காருக்கும்தான். டிராக்டருக்கு இல்லை. அதைச் சொல்லி அவர் பணம் கேட்டால் கொடுக்காதீர்கள்.

விழுப்புரம், கரூர், தேனி: போட்டோ அனுப்பியிருக்கிறோம், விலை மட்டும் சொல்லுங்கள்.

மூவருக்கும் ஒரே பதில், மேலேயே இருக்கிறது. தகடு இல்லாத போட்டோவுக்கு விலை சொல்ல மாட்டேன். தேனிக்காரர் பெயிண்ட் டப்பாவோடு நிற்கிற படத்தையும் அனுப்பியிருக்கிறார். ஐயா, தயவுசெய்து அதை மூடி வையுங்கள்.

ஆரணி: இருபது வருஷமாக நின்ற வண்டி, இன்ஜின் சுற்றவில்லை. வேறு டிராக்டரில் கட்டி இழுக்கலாமா?

கூடாது. கனெக்டிங் ராடு வளையும், இல்லையென்றால் கியர் பல் போகும். பெட்ரோல் வண்டி என்றால் பிளக்கையும் டீசல் என்றால் இன்ஜெக்டரையும் கழற்றி, டீசலும் இன்ஜின் ஆயிலும் கலந்து சிலிண்டருக்குள் ஊற்றுங்கள். நாலைந்து நாள் ஊறட்டும். அப்புறம் டாப் கியரில் போட்டுப் பின்சக்கரத்தை முன்னும் பின்னும் அசையுங்கள். அசையாவிட்டால் இன்னும் ஊறவிடுங்கள். பிஸ்டன் நகர்ந்து, ஊற்றியதெல்லாம் வெளியே வந்த பிறகுதான் செல்ஃப் போடலாம்.