மண்பாதை பைக்குக்கு நாமே செய்துகொள்ளும் பாகங்கள்: கேள்வி பதில்

தேரி எனும் செம்மணல் மேட்டிலும் மலையடிவாரக் கல்பாதையிலும் பைக் ஓட்டும் நம் பகுதி இளைஞர்கள், விலை குறைந்த மாற்றுப் பாகங்களைத் தாங்களே செய்துகொள்வது பற்றிக் கேட்ட கேள்விகளுக்கு, லேத் பட்டறைத் தொழிலில் இருப்பவன் என்ற முறையில் பதில் சொல்கிறேன்.

குட்டத்திலிருந்து ஒரு தம்பி: அண்ணாச்சி, தேரியில் ஓட்டினால் ஏர் ஃபில்டர் சீக்கிரமே அடைத்துக்கொள்கிறது. சோபாவுக்குப் போடும் ஃபோமை வெட்டி வைக்கலாமா?

வைக்க வேண்டாம். சோபா ஃபோமில் பல துளைகள் மூடியே இருப்பதால் காற்று சீராகப் போகாது. எண்ணெயும் பெட்ரோல் ஆவியும் பட்டு அது பொடியத் தொடங்கினால், அந்தத் தூளையும் இன்ஜினே உறிஞ்சும். மீன் தொட்டிக் கடையில் கிடைக்கும் வடிகட்டி ஸ்பாஞ்சில் துளைகள் முழுவதும் திறந்திருக்கும். வாயருகே வைத்து ஊதினால் மூச்சு தடையின்றி மறுபக்கம் வருவதே அதற்குச் சோதனை. வெளியே பெரிய துளை, உள்ளே சிறிய துளை என இரண்டு அடுக்குகளை ஓரத்தில் மட்டும் ஒட்டி, பழைய ஃபில்டரின் கம்பிவலைக் கூட்டின்மேல் மாட்டுங்கள். கூடு இல்லாவிட்டால் ஃபோம் உள்ளே இழுபட்டுவிடும்.

எண்ணெய் ஊறாத ஃபோம், ஆடிக் காற்றில் பறக்கும் அந்தச் செந்தூளைப் பிடிக்கவே பிடிக்காது. ஃபில்டருக்கென்று விற்கும் பிசுபிசுப்பான எண்ணெயில் நனைத்து, முறுக்காமல் அமுக்கிப் பிழிந்து போடுங்கள். அந்தச் செலவை மிச்சம் பிடிக்க நினைக்காதீர்கள். கழுவுவதற்கு மண்ணெண்ணெயும் சோப்புத் தண்ணீரும் போதும், பெட்ரோல் கூடாது. நான் பார்த்தவரை, தூசி ஃபோமின் வழியாகப் போவதைவிட, சரியாக உட்காராத விளிம்பின் வழியாகப் போவதே அதிகம். ஆகவே விளிம்பு முழுவதும் கிரீஸ் தடவி உட்காரவைத்து, ஓட்டி முடித்த பிறகு ஃபில்டருக்கு அப்பாலுள்ள ரப்பர் குழாயின் உட்புறத்தை வெள்ளைத் துணியால் துடைத்துப் பாருங்கள். துணி சிவந்தால் உங்கள் ஃபில்டர் வேலை செய்யவில்லை.

அம்பாசமுத்திரத்திலிருந்து: இன்ஜினுக்கு அடியில் போடும் தகட்டை எந்த உலோகத்தில் செய்வது?

3 அல்லது 4 மி.மீ. அலுமினியத் தகடு நல்லது. 2 மி.மீ. இரும்புத் தகட்டின் விலை குறைவுதான். ஆனால் அது ஒரு சதுர மீட்டருக்குக் கிட்டத்தட்ட 16 கிலோ வரும், 3 மி.மீ. அலுமினியமோ 8 கிலோவைச் சற்றே தாண்டும். கேட்டு வாங்க வேண்டியது 5052 என்ற ரகம். வலிமை அதிகம் என்று 6061-டி6 ரகத்தை வாங்கிக் கூர்மையாக மடக்கினால் மடிப்பிலேயே வெடிப்பு விழும். முதலில் அட்டையில் வெட்டி வண்டியில் பொருத்திப் பார்த்து, ஆயில் போல்ட்டுக்கு வழியும், சேறு வடியவும் காற்று போகவும் துளைகளும் விட்டு, அதன் பிறகே தகட்டில் கை வையுங்கள். தகடு இன்ஜினைத் தொடாமல் ஒரு விரல் இடைவெளி இருக்கட்டும். ஃபிரேமில் ரப்பர் வைத்த கிளாம்ப் போட்டுப் பிடியுங்கள். ஃபிரேமில் வெல்டிங் வைக்க நான் சம்மதிக்கமாட்டேன், ஏனென்றால் வெல்டிங் சூடு பட்ட இடத்தை ஒட்டியே பின்னாளில் குழாய் விரிசல் விடும்.

மேலப்பாளையத்திலிருந்து: பழைய இரும்புக்கடை அலுமினியத்தை உருக்கி பிரேக் லீவர் வார்க்கலாமா?

கூடவே கூடாது. எந்தப் பாகத்தையும் செய்யத் தொடங்குமுன், ஓடும்போது இது உடைந்தால் ஓட்டுபவன் விழுவானா என்று கேளுங்கள். விழுவான் என்றால் அது கடையில் வாங்க வேண்டிய பாகம். வீட்டில் வார்த்த அலுமினியத்துக்குள் காற்றுக் குமிழிகள் மறைந்திருக்கும். அது வளைந்து எச்சரிக்காமல் சட்டென்று முறியும். பிரேக் ஹோஸ், சக்கர ஆக்ஸில், ஹேண்டில் பார் எல்லாமே இந்தக் கணக்கில் வரும். பலம் வேண்டிய இடத்துக்குப் போல்ட் வாங்கும்போதும் தலையில் 8.8 அல்லது 10.9 என்று பொறித்திருக்கிறதா என்று பாருங்கள், 8.8 என்றால் இழுவிசை வலிமை 800 மெகாபாஸ்கல், 10.9 என்றால் 1000.

பாளையங்கோட்டையிலிருந்து: என்னிடம் ஆர்எக்ஸ் 100 என்ற யமஹா டூ-ஸ்ட்ரோக் பைக் இருக்கிறது. இன்ஜின் பாகங்களுக்கு இடையே கசிவைத் தடுக்க வைக்கும் கேஸ்கெட்டை நானே வெட்டலாமா?

கிளட்ச் பக்க மூடிக்கு அரை மி.மீ. கேஸ்கெட் பேப்பரில் தாராளமாக வெட்டலாம். மூடியின் விளிம்பில் லேசாக எண்ணெய் தடவிப் பேப்பரில் ஒற்றினால் வடிவம் பதிந்துவிடும். சுத்தியலால் விளிம்பின்மேல் தட்டி வெட்டும் பழக்கம் அலுமினிய முகத்தைக் கெடுத்துவிடும். சிலிண்டருக்கு அடியில் வருவது வேறு விஷயம். டூ-ஸ்ட்ரோக்கில் அதன் தடிமன் மாறினால், சிலிண்டர் சுவரிலுள்ள வாயு வழிகளான போர்ட்டுகள் திறக்கும் நேரமே மாறும். அங்கே காற்று கசிந்தால் பெட்ரோலும் ஆயிலும் குறைந்து பிஸ்டன் பிடித்துக்கொள்ளும். ஆகவே பழைய கேஸ்கெட்டை மைக்ரோமீட்டரில் அளக்காமல் அதற்குப் பேப்பர் வெட்டாதீர்கள். ஹெட் கேஸ்கெட்டை வாங்கியே போடுங்கள்.

வள்ளியூரிலிருந்து: நீல நிறப் பிளாஸ்டிக் டிரம்மில், ஹேண்டில் பிடிக்கும் கையைக் காக்கும் ஹேண்ட் கார்டு செய்யலாமா?

அருமையாகச் செய்யலாம். முக்கோணத்துக்குள் 2 என்று அச்சிட்டிருந்தால் அது எச்டிபிஇ என்ற பிளாஸ்டிக் ரகம். சூட்டுக் காற்றில் வளையும், அடிபட்டால் சிதறாது. மருந்து, அமிலம் இருந்த டிரம்மை மட்டும் தவிர்த்துவிடுங்கள்.

நாங்குநேரியிலிருந்து: பின்சக்கரத்தைத் தாங்கும் ஸ்விங்ஆர்ம் ஆடுகிறது, அது அசையும் துளைக்குள் இருக்கும் உலோகக் குழல், அதாவது புஷ், எங்கும் கிடைக்கவில்லை.

நல்ல லேத் பட்டறையில், ஒருவகை வெண்கலமான கன்மெட்டலில் கடைந்து வாங்கலாம். தேய்ந்த புஷ்ஷின் அளவைக் கொடுக்காதீர்கள். ஸ்விங்ஆர்மையே கொண்டுபோய், துளையை இரண்டு முனையிலும் நடுவிலும் அளக்கச் சொல்லுங்கள். அழுத்தி ஏற்றியதும் புஷ்ஷின் உள்விட்டம் சுருங்கும் என்பதால், உள்ளளவைக் கடைசியில், துளையைச் சீராக்கும் கருவியான ரீமர் போட்டுத்தான் முடிக்க வேண்டும். உள்ளே போகும் எஃகுக் குழாய், புஷ்களின் வெளிமுகத்திலிருந்து மயிரிழை நீண்டிருக்கட்டும். இல்லாவிட்டால் போல்ட்டை இறுக்கியதும் ஸ்விங்ஆர்மும் சேர்ந்து இறுகிவிடும். கிரீஸ் போக ஒரு பள்ளம் வெட்டச் சொல்ல மறந்துவிடாதீர்கள்.

களக்காட்டிலிருந்து: முன் ஃபோர்க்கில் ஆயில் கசிகிறது. சீல் மாற்றத்தான் வேண்டுமா?

மாற்றுவதற்கு முன், பழைய எக்ஸ்ரே பிலிமைச் சிறு கொக்கிபோல வெட்டி, மேலேயுள்ள தூசி மூடியைத் தூக்கிவிட்டு, சீலின் உதட்டுக்குள் செருகிச் சுற்றி இழுங்கள். சிக்கியிருந்த மணல் வெளியே வந்ததும் பெரும்பாலும் கசிவு நின்றுவிடும். ஃபோர்க் குழாயில் கீறலோ துருவோ இருந்தால் இது உதவாது. புதுச் சீல் போட்டாலும் அந்தக் கீறல் அதையும் கிழித்துவிடும், ஆகவே முதலில் குழாயைச் சரிசெய்யுங்கள்.