எஸ்எம்பிஎஸ் வோல்டேஜை எப்படிச் சரியாகப் பார்ப்பது? கேள்வி பதில்

கம்ப்யூட்டர் சர்வீஸில் பல வருடமாக இருக்கிறேன். எஸ்எம்பிஎஸ் என்பது வீட்டுக் கரண்டை வாங்கி, கம்ப்யூட்டர் பாகங்களுக்கு 12, 5, 3.3 வோல்ட்டாக மாற்றிக் கொடுக்கும் பெட்டி. நல்ல எஸ்எம்பிஎஸ்ஸைத் தவறாகச் சந்தேகப்பட்டுக் காசைத் தொலைத்தவர்களையும், கெட்டுப்போனதை நம்பி மதர்போர்டை மாற்றியவர்களையும் நிறையப் பார்த்துவிட்டேன். இரண்டுக்கும் காரணம் அளந்த விதம்தான். வந்த கேள்விகளுக்கு என் பதில்கள் கீழே.

அண்ணா, சாஃப்ட்வேரில் 12 வோல்ட் லைன் 8.1 என்று காட்டுகிறது. கம்ப்யூட்டர் நன்றாகத்தான் ஓடுகிறது. கடையில் எஸ்எம்பிஎஸ் மாற்றச் சொல்கிறார்கள்.

மாற்றாதீங்க தம்பி. நிஜமாகவே 8 வோல்ட்டுக்கு இறங்கியிருந்தால் சிஸ்டம் இப்படி ஓடாது, எஸ்எம்பிஎஸ்ஸே தன்னை அணைத்துக்கொள்ளும். மதர்போர்டில் இருக்கிற சென்சார் சிப் 12 வோல்ட்டை நேரடியாக வாங்காது. இரண்டு ரெசிஸ்டர் போட்டு அதைச் சின்னதாக்கித்தான் கொடுப்பார்கள். படித்த எண்ணைத் திரும்ப எத்தனையால் பெருக்க வேண்டும் என்பது போர்டுக்குப் போர்டு மாறும். அந்தக் கணக்கு சாஃப்ட்வேருக்குத் தெரியாவிட்டால் 8 என்றும் காட்டும், 15 என்றும் காட்டும். பயாஸில் (கம்ப்யூட்டர் ஆன் ஆகும்போது திறக்கும் செட்டிங் திரை) தெரிவதும் அதே சென்சார்தான். போர்டு கம்பெனி போட்ட கணக்கு என்பதால் கொஞ்சம் நம்பலாம். ஆனால் பயாஸ் திரையில் நிற்கும்போது கிராபிக்ஸ் கார்டுக்கு வேலையே இல்லையே. மல்டிமீட்டரை எடுங்கள்.

பச்சை ஒயரையும் கருப்பையும் ஷார்ட் செய்து ஆன் பண்ணிப் பார்த்தேன். 12.1, 5.06, 3.34 வருகிறது. எஸ்எம்பிஎஸ் நல்லதுதானே?

உயிர் இருக்கிறது, அவ்வளவுதான் தெரியும். காலி வண்டி மேடு ஏறிவிட்டது என்பதால் மூட்டை ஏற்றினாலும் ஏறும் என்று சொல்லிவிட முடியாது. கேம் திறந்தால் ரீஸ்டார்ட் ஆகிறது என்று ஒரு சிஸ்டம் என்னிடம் வந்தது. சும்மா இருக்கும்போது மஞ்சள் ஒயரில் 12.08. லோடு, அதாவது கனமான வேலை, கொடுத்ததும் 11.6, பத்து நிமிடத்தில் 11.3, பிறகு திரை கருப்பானது. டெஸ்டர் கருவியில் மாட்டியபோது அதே எஸ்எம்பிஎஸ் பாஸ்! அந்தக் கருவி கொடுக்கும் லோடு ரொம்பச் சின்னது.

அதனால் எல்லாவற்றையும் மாட்டியபடி, ஓடும்போதே அளக்க வேண்டும். மீட்டரை டிசி 20 வோல்ட்டில் வையுங்கள். 200-இல் வைத்தால் ஒரு தசமம்தான் தெரியும், அது போதாது. மோலெக்ஸ் பிளக் (பழைய ஹார்ட் டிஸ்க்குக்கான நாலு பின் பிளக்) ஒன்று காலியாக இருந்தால் கருப்பு புரோபை அதன் கருப்பு ஒயர் ஓட்டையில் சொருகுங்கள். மதர்போர்டுக்குப் போகும் 24 பின் கனெக்டரைக் கழற்றாமல், பின்பக்கமாக ஒயர் உள்ளே போகும் இடத்தில் சிவப்பு புரோப் முனையை இறக்குங்கள். மஞ்சள் 12, சிவப்பு 5, ஆரஞ்சு 3.3, ஊதா 5 ஸ்டாண்ட்பை (கம்ப்யூட்டர் அணைந்திருக்கும்போதும் வருவது). முனை வழுக்கிப் பக்கத்து பின்னைத் தொட்டால் ஷார்ட். மெல்லிய முனை வேண்டும், அவசரம் கூடாது. முதலில் சும்மா இருக்கும்போது குறித்துக்கொள்ளுங்கள். பிறகு ப்ராசஸருக்கும் கிராபிக்ஸ் கார்டுக்கும் சேர்த்து லோடு கொடுத்து 20 நிமிடம் பாருங்கள்.

எவ்வளவு வரை இருக்கலாம், சார்?

ஏடிஎக்ஸ் (கம்ப்யூட்டர் எஸ்எம்பிஎஸ்களுக்கான தரநிலை) விதிப்படி பொதுவாக 5 சதவீதம் கூடலாம், குறையலாம். 12-க்கு 11.40 முதல் 12.60, 5-க்கு 4.75 முதல் 5.25, 3.3-க்கு 3.14 முதல் 3.46. நீல ஒயரின் மைனஸ் 12-க்கு மட்டும் 10 சதவீதம். அது 11.2 காட்டினால் கவலைப்பட வேண்டாம். எல்லைக்குள் இருந்தாலும், லோடு ஏறும்போது அரை வோல்ட் சரியும் 12 லைனை நான் நம்புவதில்லை.

என்னிடம் இருப்பது மலிவு மஞ்சள் மீட்டர். அதை நம்பலாமா?

பெரும்பாலும் போதும். இந்த வகை மீட்டர்களுக்கு டிசியில் அரை சதவீதமும் கடைசி இலக்கத்தில் இரண்டும் பிழை என்று போட்டிருப்பார்கள். 12 வோல்ட்டில் அது சுமார் 0.08. ஆக 11.38 காட்டினால் தீர்ப்பு சொல்லாதீர்கள், 11.1 காட்டினால் சொல்லலாம். பெரிய ஆபத்து உள்ளே இருக்கும் 9 வோல்ட் பேட்டரி. அது தீர்ந்துபோனால் மீட்டர் கூட்டிக் காட்டும். 12.7, 5.3, 3.5 என்று மூன்றும் ஒரே விகிதத்தில் ஏறியிருந்தால் முதலில் மீட்டரைத்தான் சந்தேகப்பட வேண்டும். பேட்டரியை மாற்றிவிட்டு மறுபடி பாருங்கள்.

மோலெக்ஸில் 12.05, ப்ராசஸர் 8 பின் பிளக்கில் 11.8. எது சரி?

இரண்டும் சரி. கரண்ட் ஓடும் ஒயரிலும் பின்னிலும் வோல்டேஜ் கொஞ்சம் விழும். 20 ஆம்பியர் ஓடும்போது வழியில் 0.01 ஓம் இருந்தாலே 0.2 வோல்ட் போய்விடும். காலி மோலெக்ஸில் கரண்டே ஓடாததால் அது எஸ்எம்பிஎஸ் வாயில் இருப்பதைக் காட்டுகிறது. லோடு இருக்கும் இடத்தில் வருவதுதான் உங்களுக்கு வேண்டிய எண். வித்தியாசம் இதைவிடக் கூடினால் பிளக்கைக் கழற்றி முகர்ந்து பாருங்கள். பின்னைச் சுற்றி பிளாஸ்டிக் பழுப்பேறியிருந்தால் கோளாறு அங்கேதான்.

எல்லாம் சரியாகவே காட்டுகிறது. ஆனாலும் திடீர் ரீஸ்டார்ட்.

மீட்டர் காட்டுவது சராசரி. அதன்மேல் வேகமாக ஏறி இறங்கும் ரிப்பிள் அதற்குத் தெரியாது. 12-இல் 120 மில்லிவோல்ட், 5-இலும் 3.3-இலும் 50 மில்லிவோல்ட் என்பது எல்லை. ஆசிலோஸ்கோப்பில் (வோல்டேஜ் ஏறி இறங்குவதைத் திரையில் வரைந்து காட்டும் கருவி), 20 மெகாஹெர்ட்ஸ் லிமிட் போட்டு, புரோப் முனையில் 10 மைக்ரோஃபேரட், 0.1 மைக்ரோஃபேரட் கெப்பாசிட்டர் இரண்டையும் சேர்த்து அளக்க வேண்டும். ஸ்கோப் இல்லையென்றால் நல்ல எஸ்எம்பிஎஸ் ஒன்றை இரவல் வாங்கி இரண்டு நாள் ஓட்டிப் பாருங்கள். அது சொல்லிவிடும்.

எஸ்எம்பிஎஸ்ஸைத் திறந்து உள்ளேயே அளக்கலாமா?

வேண்டாம். 230 வோல்ட் ஏசி உள்ளே 325 வோல்ட் டிசி ஆகிறது, பிஎஃப்சி (கரண்டைச் சீராக இழுக்க வைக்கும் சர்க்யூட்) இருந்தால் 400-ஐ நெருங்கும். பிளக்கைப் பிடுங்கிய பிறகும் பெரிய கெப்பாசிட்டரில் அது தங்கியிருக்கலாம். இங்கே சொன்ன எல்லா அளவும் வெளி ஒயரிலேயே கிடைக்கும். ஒவ்வொரு தடவையும் தொடுவதற்கு முன் சிவப்பு லீடு 10 ஆம்பியர் ஓட்டையில் இல்லையே என்று பார்த்துவிடுங்கள். அதில் இருந்தால் மீட்டரே ஒரு ஷார்ட் ஒயர்.