டேங்க் முதல் ப்ளூ வரை: கௌபாய் பீபாப் கேள்வி-பதில்

சென்ற மாதம் 'கௌபாய் பீபாப்' என்ற ஜப்பானிய அனிமே தொடருக்கு இசையமைத்த யோகோ கன்னோ பற்றிப் போகிறபோக்கில் இரண்டு வரி எழுதினேன். அதற்கே இத்தனை கடிதங்கள். தொடரை இன்னும் பார்க்காதவர்களும் படிப்பார்கள் என்பதால் கதை முடிவைச் சொல்லாமல் பதில் தருகிறேன்.

கௌபாய் பீபாபில் சோகமாக ஒரு மவுத் ஆர்கன் பிட் வருமே, அது என்ன பாட்டு? (திண்டுக்கல் வாசகர்)

எந்த எபிசோடு? எத்தனையாவது நிமிஷம்? 26 எபிசோடையும் உங்களுக்காக நான் உட்கார்ந்து தேட முடியாது. உத்தேசமாகச் சொல்கிறேன்: முதல் ஆல்பத்தில் 'ஸ்போக்கி டோக்கி' கேளுங்கள். அது இல்லையென்றால் எபிசோடு எண்ணோடு மறுபடி எழுதுங்கள்.

பெயரிலேயே பீபாப் இருக்கிறது. ஓப்பனிங் பாட்டு 'டேங்க்' பீபாப் இசைதானே? (கோவை வாசகி)

இல்லை. பீபாப் என்பது 1940களில் சார்லி பார்க்கர், டிஸ்ஸி கில்லெஸ்பி போன்றவர்கள் நாலைந்து பேர் கொண்ட சின்னக் குழுவாக வாசித்த வேகமான ஜாஸ். தொடரில் பீபாப் என்பது கதை மாந்தர்கள் வசிக்கும் விண்கப்பலின் பெயர். 'டேங்க்' முழுக்க முழுக்க பிக் பேண்ட், அதாவது பெரிய ஜாஸ் கோஷ்டி வாசிப்பது. டிரம்பெட்டும் டிராம்போனும் ஒரு வெட்டு வெட்டிவிட்டு ஒதுங்கும். அடியில் பேஸும் பாங்கோவும் மட்டும் ஓட, ஓர் ஆண் குரல் சாவகாசமாகப் பேசி மூன்று, இரண்டு, ஒன்று என்று எண்ணும். அப்புறம்தான் மொத்தக் கோஷ்டியும் பாயும். டிவியில் வருவது ஒன்றரை நிமிட வெட்டு. ஆல்பத்தில் மூன்றரை நிமிடம். மசாதோ ஹோண்டாவின் சாக்ஸபோன் சோலோவை அங்கேதான் முழுதாகக் கேட்க முடியும்.

5ஆம் எபிசோடில் தேவாலயக் காட்சியில் ஆண் குரலில் 'ரெயின்' வருகிறது. ஆல்பம் வாங்கினால் பெண் பாடுகிறார். ஏமாற்றிவிட்டார்களா? (சேலம் வாசகர்)

யாரும் ஏமாற்றவில்லை. எபிசோடில் பாடுவது ஸ்டீவ் கான்டே, ஆல்பத்தில் மாய் யமானே. எபிசோடு வேறு, ஆல்பம் வேறு என்று எத்தனை முறை எழுதுவது? வாங்குவதற்கு முன் பாடியவர் பெயரைப் பாருங்கள்.

ஓப்பனிங், என்டிங் இரண்டையும் தாண்டிவிட்டுப் பார்த்தால் ஒரு எபிசோடுக்கு மூன்று நிமிஷம் மிச்சமாகிறது. தொடருக்கு என்ன நஷ்டம்? (சென்னை வாசகர்)

மிச்சம் பிடித்த அந்த மூன்று நிமிஷத்தை வைத்து என்ன செய்தீர்கள் என்று தெரிந்துகொள்ள ஆசை.

உங்களை மட்டும் சொல்லிப் பயனில்லை. ஓடிடியில் எழுத்து ஓட ஆரம்பித்ததும் படம் சுருங்கி மூலைக்குப் போய்விடுகிறது, பக்கத்தில் அடுத்த எபிசோடுக்கு ஐந்து, நான்கு, மூன்று என்று எண்ணிக்கை ஓடுகிறது. எழுத்து வந்தால் கதை முடிந்தது என்று முடிவுகட்டிய யாரோ செய்த ஏற்பாடு. இந்தத் தொடரில் அது பெரிய அநியாயம். வழக்கமான என்டிங் 'தி ரியல் ஃபோக் ப்ளூஸ்', மாய் யமானே பாடியது. இரண்டே இரண்டு இடத்தில் அதை மாற்றியிருக்கிறார்கள். 13ஆம் எபிசோடில் வருவது 'ஸ்பேஸ் லயன்'. ஆல்பத்தில் ஏழு நிமிடம். தனியாக ஒரு சாக்ஸபோன் தொடங்கும், மெல்ல மெல்லத் தாளமும் கூட்டுக் குரலும் வந்து சேரும். இரண்டு எபிசோடாக நாம் பார்த்துவந்த கிரென் ஒரு சாக்ஸபோன்காரன். அவன் கதை இந்த இசையில்தான் முடிகிறது. எழுத்து ஓடுகிறதே என்று ரிமோட்டை எடுத்தால் முடிவையே பார்க்கவில்லை என்று அர்த்தம்.

26ஆம் எபிசோடில் 'ப்ளூ'. பாட்டு ஓட ஓட கேமரா மேலே ஏறிக்கொண்டே போகும்: வானம், அப்புறம் விண்வெளி, நட்சத்திரங்கள். அதில் ஒன்று அணையும். அதன்பிறகுதான் கடைசி வாசகம் திரையில் வரும். இயக்குநர் ஷினிசிரோ வதனாபே மொத்தத் தொடரையும் முடித்த இடம் அது. அங்கே உங்கள் தளம், இதையும் பாருங்கள் என்று வேறு ஏதோ தொடரைக் காட்டிக்கொண்டிருக்கும். செட்டிங்ஸில் ஆட்டோபிளேயை அணைத்து வையுங்கள். நல்ல ஹெட்போன் போடுங்கள். டிவியின் சொந்த ஸ்பீக்கரில் பேஸ் கேட்காது.

'கிரீன் பேர்ட்' பாடிய கேப்ரியலா ராபின் எந்த நாட்டுப் பாடகி? (ஈரோடு வாசகி)

கன்னோவேதான், புனைபெயரில். 2009இல் மேடையிலேயே போட்டு உடைத்தார். 'கிரீன் பேர்ட்' பாட்டுக்கு மொழிபெயர்ப்பு தேடி அலையாதீர்கள், அதில் இருப்பது அர்த்தம் உள்ள மொழியே கிடையாது.

காட்சிக்கு இசையா, இசைக்குக் காட்சியா? (தஞ்சாவூர் வாசகர்)

இரண்டும் நடந்தது. வதனாபே கேட்காத துண்டுகளையும் கன்னோ தானாகவே எழுதிக் கொடுப்பார். அதைக் கேட்டு இவருக்குப் புதிதாகக் காட்சி தோன்றும். இதை அவரே பேட்டிகளில் சொல்லியிருக்கிறார். எபிசோடுகளை 'செஷன்' (இசைக்காரர்கள் கூடி வாசிக்கும் அமர்வு) என்று அழைப்பதும், 'ஜுப்பிடர் ஜாஸ்', 'பொஹீமியன் ராப்ஸடி' என்று தலைப்பு வைத்திருப்பதும் சும்மா இல்லை.

2021இல் நடிகர்களை வைத்து எடுத்த தொடருக்கும் கன்னோதான் இசையா? (மதுரை வாசகர்)

ஆமாம். ஒரே சீசனோடு நிறுத்திவிட்டார்கள். இசையைக் குறை சொல்ல ஒன்றுமில்லை.

என் பையன் கீபோர்டு கற்றுக்கொள்கிறான். ஒரே வாரத்தில் 'டேங்க்' வாசிக்க முடியுமா? (திருச்சி வாசகி)

முடியாது. இடது கைக்கு அந்த பேஸ் வரியை மட்டும் முதலில் கொடுங்கள், பாதி வேகத்தில். அது தடுமாறாமல் வந்த பிறகு வலது கையைப் பற்றிப் பேசலாம். அப்புறம், யூடியூபில் எவரோ போட்ட நோட்ஸை நம்புவதற்கு முன் அது டிவி வெட்டா முழுப் பாட்டா என்று பார்த்துவிடுங்கள்.