மேஜர் கிஃப்ட்னா என்ன, அது கைக்கு வர ஏன் இவ்ளோ நாள் இழுக்குது?

தொண்டு நிறுவனத்துக்கு ஒரே ஆள் மொத்தமா குடுக்குற பெரிய தொகைதான் மேஜர் கிஃப்ட், எவ்ளோ இருந்தா பெருசுன்னு அந்தந்த நிறுவனமே வச்சுக்கும். குடுக்குறவருக்கு முதல்ல நம்பிக்கை வரணும்ல, அதான் நாள் இழுக்குது, சம்பந்தம் பேசப் போய் முதல் நாளே பவுன் கணக்கு கேட்டா யாரு உக்காருவா? உதாரணத்துக்கு, மெக்டொனால்ட்ஸ் பர்கர் கடைய பெருசா வளர்த்த ரே கிராக்கோட மனைவி ஜோன் கிராக், சான் டியாகோல ஒரு சமூக மையம் கட்ட 1998ல சால்வேஷன் ஆர்மிங்குற கிறிஸ்தவ தொண்டு நிறுவனத்துக்கு 8 கோடி டாலருக்கு மேல குடுத்தாங்க, 2002ல அது திறந்துச்சு, 2003ல அவங்க இறந்தப்போ பாத்தா அதே மாதிரி மையங்கள அமெரிக்கா முழுக்க கட்டச் சொல்லி சுமார் 150 கோடி டாலர் எழுதி வச்சிருக்காங்க (பாதி கட்டடத்துக்கு, பாதி அத நடத்துறதுக்கு, விவரமான ஆளு). பணக்காரங்க லிஸ்ட் எடுத்து எல்லாருக்கும் லெட்டர் போட்டா வந்துடும்னு பலர் நினைக்கிறாங்க, அப்படி இல்ல, காசு இருக்குறதும் அந்த நிறுவனம் செய்யுற வேலைல அக்கறை இருக்குறதும் வேற வேற.